டேங்க் மூடியில் ஓர் ஓட்டை

ஜனவரி 11

தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். உடம்பு எப்படி இருக்கு? உன் பொண்டாட்டி எப்படி இருக்கா? அங்க குளிர் ஜாஸ்தின்னு எழுதியிருந்த. காதை மூடிக்கிட்டு வேலைக்குப் போ. எனக்கு ஒரு குறையும் இல்ல. முட்டி மட்டும் படி ஏறுறப்ப ஏதோ பேசுது, நான் பதில் சொல்றதில்ல.

விஷயத்துக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி பூனையைப் பத்திச் சொல்லணும். பிள்ளை தங்காமப் போன வருத்தத்துல நீங்க ரெண்டு பேரும் கிளம்பிப் போயி இந்த மாசத்தோட மூணு வருசம் ஆச்சு. அதுக்கப்புறம்தான நான் இந்த வீட்டுக்குக் குடி வந்தேன். வந்த நாள்லேருந்து விறகுக் கொட்டகை மூலைக்கு நான் போனதில்ல. போன வாரம் பூனை அங்க போயிக் குட்டி போட்டிருச்சு. சத்தம் கேட்டுத் தார்ப்பாயைத் தூக்குனா, உன் வண்டி! சீட்டு மேல நாலு குட்டி, ராஜா வீட்டுப் பிள்ளைங்க மாதிரி.

இப்ப விஷயம். நான் கூட்டிப் பெருக்குற சின்ன ஆஸ்பத்திரியில, ரத்தம் எடுத்த குப்பியெல்லாம் ஐஸ் பெட்டியில வெச்சு மேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற ஆளு வேலையை விட்டுட்டாரு. ஏழு கிலோமீட்டர். பெரிய நர்ஸம்மா எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாங்க: "சொந்த வண்டி இருக்கணும். வாரத்துல மூணு நாள், காலையில பத்து மணிக்குள்ள பெட்டி மேல சேரணும். மார்ச்சுலேருந்து ஏப்ரல் முடியறதுக்குள்ள வரிசையா பன்னெண்டு நடை தவறாமப் போற ஆளுக்கு வேலை நிரந்தரம். நடுவுல ஒண்ணு தவறினாலும் திரும்ப ஒண்ணுலேருந்து எண்ணணும்."

"என்கிட்ட வண்டி இருக்கு"ன்னு கையைத் தூக்கிட்டேன்.

"ஓட்டத் தெரியுமா?"

"மார்ச்சுக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கேம்மா."

எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். இருபது வருசமா விளக்கமாறைப் பிடிச்ச கைக்கு ஹேண்டில் பாரைப் பிடிக்கத் தெரியாதா? வண்டியை எப்படிக் கிளப்புறதுன்னு மட்டும் எழுது. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.

அவளுக்கு என் அன்பைச் சொல்லு.
அக்கா

*

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

கடிதம் வந்துச்சு. நாங்க சௌக்கியம். உன் முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சு வெந்நி ஊத்து.

அந்த வண்டி வேணாம்க்கா. பழைய இரும்புக்காரன் வந்தா தூக்கிப் போட்டுடு. அது மேட்டுல ஏறாது. வேற யாருகிட்டயாவது ஒரு சின்ன வண்டி கேட்டுப் பாரு.

இங்க பைப்பு வேலை நிறைய. ஒரு கட்டடத்துல ஒம்பது மாடிக்கும் நாங்கதான். அவ உன்னை விசாரிச்சா.

தம்பி

*

பிப்ரவரி 15

தம்பிக்கு,

நீயும் அவளும் நல்லா இருக்கீங்கன்னு படிச்சதும் நிம்மதி. வெந்நி ஊத்துனேன். முட்டி இப்ப ரகசியமாத்தான் பேசுது.

இரும்புக்காரன்கிட்ட போடவா! உன் கடிதம் வந்து சேர்றதுக்குள்ள நான் பாதி வண்டியைப் பிரிச்சுட்டேன்.

முதல்ல டேங்க்கைத் திறந்தேன். உள்ள இருந்தது பெட்ரோல் இல்ல, காஞ்ச பெயிண்ட் டப்பா நாத்தம். எல்லாத்தையும் வடிச்சுக் கொட்டிட்டு ரெண்டு லிட்டர் புதுசு ஊத்தினேன். உதைச்சேன், நாப்பது உதை. வண்டி இருமக்கூட இல்ல. தெருமுனை வெல்டிங்காரர் வேடிக்கை பாத்துட்டு நின்னவரு, "பிளக்கைக் கழட்டிப் பாரும்மா. நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, காஞ்சிருந்தா வரல"ன்னாரு. கழட்டினேன். எலும்பு மாதிரிக் காஞ்சிருந்துச்சு.

"அப்ப கார்புரேட்டர்தான். அதை நீ தொடாத. அதுல கை வெச்ச புது ஆளு யாரும் உருப்பட்டதில்ல"ன்னாரு.

அப்படிச் சொன்னா நான் சும்மா இருப்பேனா? ஒரு தட்டை எடுத்து வெச்சேன். கழட்டுறது எல்லாத்தையும் கழட்டுன வரிசையிலயே தட்டுல சுத்தி வெச்சேன், கடிகார நம்பர் மாதிரி. பன்னெண்டு மணிக்கு முதல் திருகாணி, ஒரு மணிக்கு அடுத்தது. மாட்டுறப்ப பதினொண்ணுலேருந்து பின்னால வந்தாப் போதும். நாலு மணித் திருகாணியை ஒரு குட்டி தட்டிட்டுப் போயிருச்சு. அதைத் தேடுனதுல பாதி நாள் போச்சு. அந்தக் குட்டிக்கு நாலுமணின்னே பேரு வெச்சுட்டேன்.

கார்புரேட்டருக்கு அடியில ஒரு கிண்ணம், கிண்ணத்துல மிதக்குற ஒரு குண்டு. கிண்ணம் நிறைஞ்சா குண்டு மேல வந்து வழியை அடைக்குது, குறைஞ்சா இறங்கித் திறக்குது. நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டியில நீ மாட்டி வெச்ச அதே குண்டுதான்டா! இதுக்குப் போயா இவ்வளவு பயம் காட்டுறாங்க? கிண்ணத்து அடியில மஞ்சப் பிசின் கட்டிக் கெடந்துச்சு. பெட்ரோலை உறிஞ்சுற பித்தளை ஊசித்துளை, அதை ஜெட்டுன்னு சொல்றாங்க, அது சுத்தமா அடைச்சிருந்துச்சு. கம்பி விட்டாத் துளை பெருசாயிடும்னு வெல்டிங்காரர் சொன்னாரு. பல் தேய்க்கிற பிரஷ்ஷுலேருந்து ஒரு மயிரைப் பிடுங்கி விட்டுக் குத்தினேன், வாயால ஊதினேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா வட்டமா வானம் தெரிஞ்சுது.

மாட்டினேன். குழாயைத் திறந்தா பெட்ரோல் தரையெல்லாம் ஓடுது. குண்டைத் தலைகீழா மாட்டியிருக்கேன்! திரும்பப் பிரிச்சு, திரும்ப மாட்டி, பெட்ரோலோட கலக்குற காத்தை அளந்து விடுற காத்துத் திருகாணியை முழுசா முறுக்கி ஒண்ணரைச் சுத்து பின்னால விட்டு உதைச்சேன். மூணாவது உதையில கிளம்பிருச்சு. அது போட்ட சத்தத்துல நாலுமணி கூரை மேல ஏறிடுச்சு.

மைதானத்துல தினமும் ஓட்டிப் பழகுறேன். ஒரு தடவைதான் விழுந்தேன். அதுவும் விழுந்ததுன்னு சொல்ல முடியாது, இறங்குன வேகம் கொஞ்சம் ஜாஸ்தி.

ரெண்டு பேரும் நல்லாச் சாப்பிடுங்க.
அக்கா

*

மார்ச் 1

அக்காவுக்கு,

நீ நல்லா இருக்கறது எழுத்துலயே தெரியுது. இங்க ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

நீ கார்புரேட்டரைப் பிரிச்சு மாட்டினேன்னு கூட வேலை பாக்கறவங்ககிட்ட சொன்னேன். யாரும் நம்பல.

ஓட்டறதுன்னா ஊருக்குள்ள ஓட்டு. பாலத்தைத் தாண்டாத. மேட்டுல போகாத.

தம்பி

*

மார்ச் 13

தம்பிக்கு,

சுகம்தானே? நானும் சுகம். கைதான் கறுப்பு, சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குது.

பாலத்தைத் தாண்டாதன்னா எப்படிடா? பாலம் மூணாவது கிலோமீட்டர்ல இருக்கு, ஆஸ்பத்திரி ஏழாவதுல இருக்கு. நான் என்ன பறந்தா போறது?

ஆனா நீ சொன்ன மாதிரிதான் நடக்குது. வீட்டுலேருந்து நல்லாத்தான் போகுது. பாலம் தாண்டி மேடு ஏற ஆரம்பிச்சு, அஞ்சாவது கிலோமீட்டர் கல்லு வர்றப்ப மூச்சு வாங்குற கிழவன் மாதிரி இழுத்து இழுத்து நின்னுடுது. இறங்கி, பெட்ரோல் தீந்துடுச்சான்னு மூடியைத் திறந்து பாப்பேன். பெட்ரோல் உள்ள ஆடிக்கிட்டுத்தான் இருக்கும். மூடுவேன், உதைப்பேன், கிளம்பிடும். கொஞ்ச நேரம் ஓய்வு கேக்குது போலன்னு விட்டுட்டேன். ஆனா அந்தக் கொஞ்ச நேரத்துலதான் பத்து மணி தாண்டிருது. மூணு நடை நேரத்துக்குப் போயி நாலாவது தவறிப் போச்சு. திரும்ப ஒண்ணு. ஒண்ணு போயி ரெண்டாவது தவறிப் போச்சு. திரும்ப ஒண்ணு.

ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஃபில்டரை மாத்துன்னாங்க, மாத்தினேன். பிளக்கை மாத்துன்னாங்க, மாத்தினேன். ஆஸ்பத்திரி டிரைவர், "வண்டிக்குப் பொம்பளை ஓட்டுறது பிடிக்கல"ன்னாரு. அவரு மச்சினன் புது வண்டி வாங்கி வெச்சுட்டு என் வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்கான். "உங்க மச்சினன் ஓட்டுனா வண்டி நிக்காது, அவன்தான் நின்னு நின்னு டீ குடிப்பான்"ன்னேன். நர்ஸம்மா சிரிச்சாங்க, ஆனா காலண்டரையும் பாத்தாங்க.

கோளாறு என்னன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன். உனக்கு ஏதாவது தோணுனா எழுது.

அக்கா

*

மார்ச் 25

அக்காவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீ பத்திரம்.

பெட்ரோல் குழாயைக் கழட்டி உள்ள இருக்கற வலையைப் பாரு. துரு அடைச்சிருக்கலாம். குண்டு மேல வர்றப்ப வழியை அடைக்கிற ஊசி தேஞ்சிருக்கலாம். பிளக்குக்குப் பொறி குடுக்கற காயில் சூடானாலும் நிக்கும்.

நிக்கிறப்ப டேங்க்ல எவ்வளவு இருக்கு? முழுசாவா, பாதியா? நின்ன அன்னைக்கு மழை பெஞ்சுதா? மூடியைத் திறந்து பாத்ததும் கிளம்பிடுதுன்னு எழுதியிருக்க. நிஜமாவே அப்பத்தான் கிளம்புதா?

தம்பி

*

ஏப்ரல் 3

தம்பிக்கும் அவளுக்கும்,

ரெண்டு பேரும் சௌக்கியமா இருங்க. என் சௌக்கியத்தை இன்னைக்குக் கேக்காத, தலைகால் புரியல.

கண்டுபிடிச்சுட்டேன்டா!

முந்தாநாள் வண்டி நின்னப்ப ஒரு கையில பெட்டி, சட்டையெல்லாம் கிரீஸ். மூடியைத் திறக்காம அப்படியே உதைச்சேன். கிளம்பல. இருபது உதைச்சும் கிளம்பல. சரி, பாப்போம்னு மூடியைத் திறந்தேன். உஸ்ஸுன்னு ஒரு சத்தம், யாரோ ரொம்ப நேரமா அடக்கி வெச்ச பெருமூச்சு மாதிரி. மூடிட்டு உதைச்சா ஒரே உதை! நீ கேட்டிருந்த பாரு, நிஜமாவே அப்பத்தான் கிளம்புதான்னு, ஆமாடா, அப்பத்தான்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில உட்காந்து யோசிச்சேன். எதிர்ல எண்ணெய் டின். புது டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவுத்தா என்ன ஆகும்? ரெண்டு சொட்டு விழும், அப்புறம் நின்னுடும். எதிர் மூலையில இன்னொரு ஓட்டை போட்டாத்தான் காத்து உள்ள போகும், எண்ணெய் வெளிய வரும். அப்ப டேங்க்குக்குக் காத்து எங்கேருந்து போகுது? ஓடிப்போயி மூடியை எடுத்தேன். நடுவுல ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை இருக்கு. அதுல கல்லு மாதிரி வெள்ளையா எதையோ வெச்சு அடைச்சிருக்கு.

வெல்டிங்காரர் நகத்தால சுரண்டிப் பாத்தாரு. "இது பைப்பு ஜாயின்ட்டுக்கு வைக்கிற மாவும்மா"ன்னாரு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. ஒழுகுற எடத்தையும் அடைப்பான், ஒழுகாத எடத்தையும் அடைப்பான், அப்படி ஒரு ஆளு இந்த உலகத்துலயே எங்க வீட்டுலதான் இருக்கான்னேன். தார்ப்பாய் போட்டு மூடுறப்ப மழைத்தண்ணி இறங்கக் கூடாதுன்னு அடைச்சு வெச்சியா? பாதுகாக்குறதுலயும் ஒரு அளவு வேணாமா? நல்லவேளை, நீ இதை வெச்சுக்கிட்டு ஓட்டல. ஓட்டியிருந்தா மேட்டுல உன்னை அம்போன்னு விட்டிருக்கும்!

தையல் ஊசியால குத்தி எடுத்துட்டேன். இன்னைக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு ஒன்பது நாப்பதுக்கெல்லாம் போயிட்டேன். மாசக் கடைசிக்குள்ள சரியா இன்னும் பதினோரு நடை இருக்கு. எண்ணி வெச்சுக்கோ.

அக்கா

*

மே 14

தம்பிக்கு,

உடம்பு சரியில்லையா? ஆறு வாரமா ஒரு வரி வரல. அவளாவது எழுதலாமே.

பன்னெண்டும் முடிச்சுட்டேன். கடைசி நாள் நர்ஸம்மாவே பெட்டியைத் திறந்து ஐஸைத் தொட்டுப் பாத்தாங்க. "கல்லு மாதிரி இருக்கே"ன்னாங்க. "ஓட்டுனது யாரு?"ன்னேன். வேலை எனக்குத்தான். டிரைவரோட மச்சினன் இப்ப என்கிட்ட கார்புரேட்டர் சந்தேகம் கேக்கறான்.

இதைச் சொல்லி உன்கிட்ட ரெண்டு நல்ல வார்த்தை வாங்கலாம்னு பாத்தேன். நான் கேலி பண்ணுனதுல கோபமா? எழுதுடா.

அக்கா

*

மே 29

அண்ணிக்கு வணக்கம்.

உங்க தம்பி பொண்டாட்டி எழுதுறேன். நான் எழுதுறது அவருக்குத் தெரியாது. உங்க உடம்பு நல்லா இருக்கும்னு நம்புறேன். வேலை கிடைச்சதுக்கு எனக்கு ரொம்ப சந்தோசம். படிச்சுட்டு ஒரு பூனைக்குட்டிக்காவது உங்க பேரை வைக்கணும்னு தோணுச்சு.

உங்ககிட்ட நாங்க மறைச்சதை நான் சொல்லிடறேன். அந்த மூடியை அவரு அடைச்சது வண்டியை மூடி வைக்கிறப்ப இல்ல. அதுக்கு முன்னாடி. நான் உண்டாகி இருந்தப்ப வண்டி முன் ரூம்லதான் நிக்கும், ஞாபகம் இருக்கா? பெட்ரோல் வாசனை பட்டாலே எனக்கு வாந்தி. மழைக்காலம், ஜன்னலைத் திறக்க முடியாது. வாசனை எங்கேருந்து வருதுன்னு மோந்து மோந்து பாத்துக் கண்டுபிடிச்சு அடைச்சாரு. அன்னைக்குத்தான் நான் நல்லாத் தூங்கினேன். பக்கத்துல வேலைக்குப் போயிட்டு வந்தப்ப வண்டி நிக்கவும் இல்ல.

பத்து நாள் கழிச்சு ஒரு மத்தியானம் எனக்கு வலி எடுத்துச்சு, நாள் ஆகறதுக்கு முன்னாடியே. வழியில நிக்கக் கூடாதுன்னு டேங்க்கை முழுசா நிரப்பிட்டுத்தான் கிளம்புனாரு. பாலத்துக்கிட்டயே நின்னுடுச்சு. கொட்டுற மழை. ரோட்ல ஒரு வண்டி கிடையாது. இப்பத்தான பெட்ரோல் போட்டோம், திறந்தா மழைத்தண்ணி இறங்கிடும்னு அவரு மூடியைத் திறக்கவே இல்ல. போய்ச் சேர்றப்ப லேட்டாயிடுச்சு. கிளம்புனதே லேட்டுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம்.

வண்டி ஏன் நின்னுச்சுன்னு மூணு வருசமா அவருக்குத் தெரியாது. உங்க கடிதத்துல தெரிஞ்சுக்கிட்டாரு. அதுலேருந்து பேசறது குறைஞ்சு போச்சு. என்கிட்ட ஒரு தடவை மட்டும் கேட்டாரு: "நீ அன்னைக்கு அந்த வாசனையைப் பொறுத்திருப்பியா?"

நீங்க தெரிஞ்சு எழுதல. அது எனக்குத் தெரியும். ஏதாவது எழுதுங்க அண்ணி. நீங்க எழுதுனா கேப்பாரு.

*

ஜூன் 12

தம்பிக்கு,

அக்காதான். நீ சௌக்கியமான்னு இன்னைக்குக் கேக்கல.

அவ எழுதிட்டா. அவளைக் கோவிச்சுக்காத. நான் அப்படிச் சிரிச்சு எழுதுனதுக்கு என் கையை உடைக்கணும். ஒரு நாள் பூரா அழுதேன். அடுத்த நாள் எனக்கு என்ன தெரியுமோ அதைச் செஞ்சேன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், கோளாறு எங்கன்னு பிரிச்சுப் பாக்கறது.

மூடி ஓட்டையைத் திரும்ப அடைச்சேன். டேங்க்கை முழுசா நிரப்பினேன். பின்னால வெல்டிங்காரர் பொண்டாட்டியை உட்கார வெச்சுக் கிளம்பினேன். பாதி டேங்க்ல அஞ்சாவது கல்லு வரைக்கும் வந்த வண்டி, முழு டேங்க்ல பாலத்துலயே நின்னுடுச்சு. உள்ள காத்துக்கு எடம் கம்மி, அதனால சீக்கிரம் மூச்சு முட்டுது. நல்லதுன்னு நீ நிரப்புனதுதான் உன்னைச் சீக்கிரம் நிறுத்திருக்கு. இது உனக்கு மட்டும் இல்ல, பத்து வருசம் வண்டி ஓட்டுன வெல்டிங்காரருக்கே தெரியல.

அப்புறம் அந்தம்மாவை இறங்க விடாம வண்டியைத் தள்ளினேன். "என்னடி, உனக்குக் கிறுக்கா? நான் நடக்குறேன்"னு கத்துது. "நீ இப்ப பிள்ளைத்தாச்சி, வாயை மூடிட்டு உட்காரு"ன்னேன். நாலாவது கிலோமீட்டர் கல்லு வரைக்கும் தள்ளினேன்டா. ஒரே ஒரு கிலோமீட்டர். காஞ்ச ரோடு, மழை இல்ல. கல்லு மேல சாஞ்சவ எந்திரிக்க அரை மணி ஆச்சு. அந்தம்மாதான் விசிறிவிட்டுச்சு.

மேல் ஆஸ்பத்திரியில கதவுக்கிட்ட உட்கார்ற வயசான அட்டெண்டர்கிட்ட கேட்டேன். அவருக்கு ஞாபகம் இருக்கு. "மழையில ஒருத்தன் வண்டியைத் தள்ளிட்டு வந்தான். அந்தப் பொண்ணு சீட்டுல உட்காந்தபடியே இருந்துச்சு. அவன் கையை ஹேண்டில்லேருந்து நாங்கதான் பிரிச்சு எடுத்தோம்"னாரு.

ஓட்டையை அடைச்சது தப்புதான். தப்பு இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், சொன்னா நீயும் நம்ப மாட்ட. நேரத்துக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ற படிப்பும் எனக்கு இல்ல. நான் அளந்து பாத்தது இவ்வளவுதான்: நாலு கிலோமீட்டர், மேடு, மழை, ரெண்டு உசிரைச் சுமந்த வண்டி. நீ ஒரு தடவைகூட அவளைக் கீழ இறக்கல.

வாசனையைப் பொறுத்திருப்பியான்னு நீ கேட்டதுக்குப் பதில் சொன்னாளான்னு அவ எழுதல. நீ அவகிட்ட திரும்பக் கேளு. கேட்டுட்டுப் பதிலையும் கேளு.

அக்கா

*

ஜூலை 4

அக்காவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். இந்தத் தடவை நிஜமாத்தான் எழுதுறேன்.

அவகிட்ட கேட்டேன். "பொறுத்திருக்க மாட்டேன், உன்னையும் வண்டியையும் சேத்து வெளிய தள்ளியிருப்பேன்"னா. அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தோம். இந்த மூணு வருசத்துல பேசாததெல்லாம்.

பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கேன். இருபதாம் தேதி வர்றோம். டேங்க்கை முழுசா நிரப்பி வை. அவளைப் பின்னால உட்கார வெச்சு அந்த மேட்டுல நான் ஓட்டணும். அவளும் அதையேதான் சொல்றா.

உன் வேலை நாள்ல எடுக்க மாட்டேன், பயப்படாத. காத்துத் திருகாணி இன்னும் ஒண்ணரைச் சுத்துலதான் இருக்கா? வண்டியை எங்க நிறுத்துற? வாசனை வருதா?

தம்பி

*

ஜூலை 13

தம்பிக்கும் அவளுக்கும்,

நல்லபடியா வந்து சேருங்க. சேர்ற வரைக்கும் ஜன்னல் காத்துக்குக் காதை மூடிக்கோங்க.

திருகாணி இப்ப ஒண்ணே முக்கால் சுத்து. மேட்டுக்கு அதுதான் சரி, வந்ததும் நீ அதைத் தொடக் கூடாது. உன் சீட்டுல நாலுமணி படுத்திருக்கும், கேட்டாத்தான் எந்திரிக்கும்.

வண்டி முன் ரூம்லதான் நிக்குது, பழைய எடத்துல. வாசனையா? வீடு பூரா வருது. வரட்டும். ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கேன்.

அக்கா